மொட்டையாக வேண்டிய மரம்

1

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, பெர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு சவுக்குக் கிளையை ஒடித்தேன். ஒடித்த கையோடு அகப்பட்டுக்கொண்டேன். நகராட்சிச் சட்டை போட்ட ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, மிகவும் மரியாதையாக, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார்.

தூத்துக்குடியில் பிறந்த யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். டிசம்பரில் ஒருத்தி சவுக்குக் கிளையோடு நின்றால் அவள் வீட்டில் கிறிஸ்துமஸ், அவ்வளவுதான். மணல் நிரப்பிய எண்ணெய் டின்னில் கிளையை நட்டு, டின்னைச் சுற்றி வண்ணக் காகிதம் ஒட்டினால் மரம் தயார். இங்கே வந்த பிறகு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மரத்தோடுதான் காலம் தள்ளினேன். அதன் கிளை ஒரு பம்பரத்தைக் கட்டினாலே தொங்கிவிடும். இந்த வருடம் டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கப் போன இடத்தில்தான் சவுக்கைப் பார்த்தேன். இத்தனை வருடம் காரில் போய் வந்தவளுக்கு மரம் எங்கே தெரியும்?

பொது இடத்து மரத்தை ஒடிக்கக் கூடாது, இது இந்த மண்ணின் மரம், பாதுகாக்கப்பட்டது என்றார் அவர். எங்கள் ஊரில் இதை விறகுக்கு வளர்க்கிறார்கள் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். எங்கள் ஊர்ச் சவுக்கும் இதுவும் அக்கா தங்கச்சி மாதிரியாம். அந்த ஜாதி மரமே இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறி எங்கள் கரைக்கு வந்திருக்கும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கேயோ பிறந்து, எங்கள் கரைக்குக் குடியேறி, அங்கே கிறிஸ்துமஸ் மரமாகி வாழ்ந்துவிட்டது. பிறந்த ஊரில் அதைக் கூப்பிட ஆளில்லை. இங்கே எல்லோரும் வெயிலில் வேர்த்துக்கொண்டு, பனிநாட்டு மரத்தின் பிளாஸ்டிக் நகலை நட்டு, அதன் மேல் பஞ்சுப் பனி தூவுகிறார்கள். இதையெல்லாம் அவரிடம் என் இங்கிலீஷில் சொன்னேன். அவர் எச்சரிக்கையோடு என்னை விட்டுவிட்டு, கிளையைத் தன் வண்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

என் மகள் ஷெரின் இதெல்லாம் நடக்கும்போது காரில் இருந்தாள். பதினான்கு வயது. வெளியிலிருந்து தலை தெரியாதபடி இருக்கையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள்.

2

மரம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலேயே வேறு தெருவில் வளர்ந்தவர்களுக்கும் இது புதிதாக இருக்கலாம்.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டுவது அலங்காரம் இல்லை, விளையாட்டுச் சாமான். ஓலைக் கிலுக்கு, ஓலைக் காத்தாடி, பம்பரம், தகரப் பீப்பி, மரச் சொப்பு, தண்ணீர் ஊற்றி ஊதினால் கத்தும் மண் குருவி. காலைப் பூசைக்குப் போய், பாலன் இயேசு சுரூபத்தின் காலை முத்தி செய்துவிட்டு வந்ததும் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும். பிறகு எந்தப் பிள்ளை வந்தாலும் ஒன்றைப் பறித்துக்கொண்டு போகலாம். பிள்ளைக்கு ஒன்று. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கக் கூடாது. பெரியவர்கள் எடுத்தும் கொடுக்கக் கூடாது. பிள்ளைதான் கை நீட்டிப் பறிக்க வேண்டும், எட்டாவிட்டால் தூக்கிப் பிடிக்கலாம்.

சூரியன் மறைவதற்குள் மரம் மொட்டையாகிவிட வேண்டும். மொட்டையாகாத மரம் அந்த வீட்டுக்குக் குறைச்சல். "அவ வீட்டு மரம் அப்படியே நிக்கி" என்று தெருவில் ஒருத்தி சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அந்த வீட்டு வாசலைப் பிள்ளைகள் மிதிக்கவில்லை என்று அர்த்தம்.

சாமான்களை அப்பா திருச்செந்தூர்க் கோவில் கடைகளில் வாங்கி வருவார். முருகன் சந்நிதித் தெருவில் வாங்கிப் பாலன் இயேசுவின் மரத்தில் கட்டுவதில் அப்பாவுக்கும் சங்கடம் இல்லை, கடைக்காரருக்கும் இல்லை. "என்ன அண்ணாச்சி, இந்த வருசம் மரத்துக்குப் பீப்பி கூட வேணுமா?" என்று அவரே கேட்பார். பறிக்க வருகிறவர்களிலும் பாதிப் பேருக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது. உப்பளத்து வேலைக்காரர்களின் பிள்ளைகள் வருவார்கள். எதிர் வீட்டில் குடியிருந்த காயல்பட்டினத்துக்காரர்களின் பெண் பிள்ளைகள் தலையில் முக்காட்டோடு வந்து, நேராகப் பம்பரத்துக்குத்தான் கையை நீட்டுவார்கள்.

அந்தப் பொம்மைகள் அற்புதமானவை என்று கதை விடப் போவதில்லை. தகரப் பீப்பி உதட்டைக் கிழிக்கும். பம்பரத்துச் சாயம் கையில் ஒட்டி, கையிலிருந்து வாய்க்குப் போய், நாக்கு நாள் கணக்கில் ரோஸ் நிறத்தில் இருக்கும். காத்தாடி ஜனவரியைப் பார்க்காது. ஆனால் எதிலும் பெயர் எழுதியிருக்காது. இங்கே மரத்தடியில் இருக்கிற ஒவ்வொரு பொட்டலத்திலும் யாருக்கு என்று ஒரு சீட்டு தொங்குகிறது. சீட்டில் பெயர் இல்லாத பிள்ளை அந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் அது நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. எத்தனை வருடம் ஆனாலும் பிடிக்காது.

3

கிளைதான் டிசம்பரில். சாமான்கள் நவம்பரிலேயே வந்துவிட்டன. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, திருச்செந்தூருக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கினேன்.

ஆஸ்திரேலியாவுக்குள் ஓலை, மரம், விதை எது கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும். நான் மறைக்கிற ஆள் இல்லை, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். பையைப் பிரித்து இரும்பு மேசையில் பரப்பினார்கள். வெளிச்சத்தின் கீழே எங்கள் பெருநாள் முழுவதும் கிடந்தது. அங்கிருந்த இளம் அதிகாரி ஒரு கிலுக்கை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

உள்ளே என்ன என்று கேட்டாள். "சத்தம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சத்தத்துக்கு உள்ளே என்ன என்று கேட்டாள். விதை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

குன்றிமணி. அதைக் கேட்டதும் அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். விஷ விதை, நாட்டுக்குள் விட முடியாது, கிலுக்குகள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்றாள். விஷம் என்பது சரிதான், நாங்கள் யாரும் தின்றதில்லை. விடுவேனா? ஓலை காய்ந்தது, பூச்சி இல்லை, நீயே பார்த்துவிட்டாய். குற்றம் விதையில் இருந்தால் விதையை எடுத்துக்கொள், ஓலையைக் கொடு என்றேன். அவள் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு ஒரு கத்தரிக்கோலோடு வந்தாள். அவள் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு கிலுக்கிலும் சின்ன வாய் வெட்டி, மஞ்சள் தொட்டியில் தட்டித் தட்டி விதையைக் கொட்டினேன். எனக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது. வளரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூட்டிப் போக வந்த என் கணவர் சேவியர் காரில் ஏறியதும் ஒன்றை எடுத்து ஆட்டினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இங்கேயும் அதே வேலை.

"என்னளா, எல்லாம் ஊமையா இருக்கு?"

"பேச வச்சிரலாம், வண்டிய எடுங்க" என்றேன்.

தையல் சாமான் கடையில் பிளாஸ்டிக் மணி வாங்கி, வெட்டிய வாய் வழியாக உள்ளே விட்டு, ஓலையை மறுபடி பின்னி மூடினேன். குன்றிமணியின் கலகலப்பு வரவில்லை. சளசளவென்று ஒரு சத்தம் வந்தது. அது போதும்.

4

ஊரில் கல்யாண வீட்டில் அண்ணன் என் பையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தன் வீட்டுப் போன வருட மரத்தைப் போனில் காட்டினார். கூரையைத் தொடுகிற பிளாஸ்டிக் மரம், பொன் உருண்டைகள், கீழே கூரியரில் வந்த பொட்டலங்கள். உருண்டை உடைந்துவிடும் என்று பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லையாம்.

"இங்கனயே எவனும் கட்டலை. நீ எதுக்கு அங்கன போயிக் கட்டுத?" என்று கேட்டார்.

"நீங்க கட்டலைங்கதுக்குத்தான் கட்டுதேன்" என்றேன்.

ஊரில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்தாலும் சரி. வெளிநாட்டில் இருக்கிறவள் பழசைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று சொல்வீர்கள். நான் அழவில்லை. பழசு என்பதால் மட்டும் எதையும் நான் தூக்கிச் சுமப்பதில்லை. அம்மியை விட்டேன், ஆட்டுரலை விட்டேன், வரதட்சணையை மனதாரக் காறித் துப்பினேன். கதவைத் திறந்து வைத்து, வருகிற பிள்ளைக்கெல்லாம் கொடு என்று சொல்கிற ஒரு வழக்கத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறேன். அதை விடுவதற்கு ஒரு நல்ல காரணத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உருண்டை உடையாமல் இருக்கிறது, அலங்காரம் பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமா?

5

ஷெரின் சின்னவளாக இருந்தபோது மரம் மொட்டையாவதில் பிரச்சினை இருந்ததில்லை. பறிக்க அவள் ஒருத்திதான், ஆனால் ஒரு தெருவுக்கே சேர்த்துப் பறிப்பாள். ஒரு முறை பறித்துக்கொண்டு வெளியே ஓடி, அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி வாசல் வழியாக வருவாள். "வாங்க, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று சேவியர் கேட்பார். "கேக்கக் கூடாதுப்பா" என்று அவரைத் திருத்துவாள்.

அவள் கை நீட்டுவதை நிறுத்தி இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. மரம் அப்படியே நின்றது. பெருநாள் சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு அவமானமாக இருந்தது. அழகாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

இந்த முறை அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். தோழி வீட்டார் கிறிஸ்துமஸ் அன்று கடற்கரைக்குப் போகிறார்கள், நானும் போகிறேன் என்றாள். "அம்மா, அவங்க என்னைக் கூப்பிட நம்ம வீட்டுக்கு வருவாங்க. அப்போ அந்த மரம் ஹாலில இருக்க வேண்டாம், ப்ளீஸ். வெட்கமா இருக்கு."

"எது வெட்கம்?"

"எல்லாம்தான். ஓலை, தகரம், நீ எடுத்து வச்சிருக்க அந்த எண்ணெய் டின். நம்ம வீட்ல காசு இல்லைன்னு நெனைப்பாங்க."

"மரம் ஹாலுலதான் இருக்கும்" என்றேன். கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

சேவியருக்கு வீட்டில் அமைதி வேண்டும். "ஏளா, ஊரோட ஒத்து வாழுன்னு சும்மாவா சொன்னாவ?" என்று ஆரம்பித்தார்.

"எத்தனை வருசமா ஒத்து வாழுதேன். ஒரு நாளு ஊரு என்னோட ஒத்து வாழட்டும்."

"பிள்ளை மனசு நோகுதுல்லா?"

"எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு."

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த வருடம் மரம் மொட்டையாக வேண்டும், அதில் என் மகளின் கையும் பட வேண்டும். அவள் வெறுத்தாலும் பரவாயில்லை, எதை வெறுக்கிறோம் என்று தெரிந்து வெறுக்கட்டும்.

கிளை கிடைத்தது இப்படித்தான். பின்வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரிடம், நகராட்சிக்காரர் என்னைப் பிடித்த கதையைச் சொன்னேன். மறுநாள் அவர் தன் தோட்டத்துச் சவுக்கில் ஒரு கிளையை அறுத்து வேலிக்கு மேலே நீட்டினார். அவர் மரம், அவர் இஷ்டம்.

6

கிறிஸ்துமஸ் காலை பூசைக்குப் போய் வந்தோம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் எடுத்து வைத்தேன். மரம் ஹாலில் ஆளுயரத்துக்கு நின்றது. ஷெரினைக் கூப்பிட வந்த தோழியின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஷெரின் அவளை உள்ளே எட்டிப் பார்க்க விடாமல் துண்டும் பையுமாக ஓடிப்போய் காரில் ஏறிக்கொண்டாள்.

வாசல் கதவைத் திறந்து வைத்தேன். அனல் காற்று வந்தது, ஈ வந்தது. தெருவில் ஒரு மனிதர் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கதவை நான் மூடவில்லை. சேவியர் ஏசி வீணாகிறது என்று இரண்டு முறை சொன்னார். வெயில் இறங்க ஆரம்பித்ததும் எழுந்து புடவையை இழுத்துச் செருகினேன்.

"டின்னுல ஒரு பக்கம் பிடிங்க" என்றேன்.

"எங்கனளா?"

"கடற்கரைக்கு."

"ஷெரின் அங்கனதான இருக்கா."

"அதனாலதான்."

தற்செயலாகப் போனேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி இல்லை. தெரிந்தேதான் போனேன்.

கடற்கரையில் எல்லோரும் நீச்சல் உடையில் இருந்தார்கள். நான் அரக்கு நிறப் பட்டுப்புடவையில் மணலில் டின்னை ஊன்றி நிறுத்தினேன். காற்று வந்ததும் காத்தாடிகள் சுழன்றன, கிலுக்குகள் சளசளத்தன. தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் முதலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் அம்மா பின்னாலேயே வந்து விலை கேட்டாள். விலை இல்லை என்றேன். எந்த அமைப்பிலிருந்து வருகிறீர்கள் என்றாள். தூத்துக்குடி என்றேன். அவள் புன்னகையோடு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு பிள்ளை ஒரு பீப்பியைப் பறித்துக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் அதன் அப்பா திருப்பிக் கொண்டுவந்தார். எந்த வயதுக்கு உரியது என்று இதில் எழுதவில்லை, மன்னியுங்கள் என்றார். பிள்ளை தூரத்தில் அழுதுகொண்டிருந்தது.

அவர்கள் மேல் தப்பில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி வந்து பிள்ளைகளுக்குச் சாமான் கொடுத்தால் நானும் யோசிப்பேன். அதற்காக நான் நகர்ந்துவிடவும் இல்லை. "போதும்ளா, வா, போயிருவோம்" என்றார் சேவியர். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் காரிலிருந்து தண்ணீர் எடுத்து வரப் போய்விட்டார்.

அப்போதுதான் ஷெரின் வந்தாள். ஈரத் தலையோடு மணலை உதைத்துக்கொண்டு வந்தாள். அவள் தோழிகள் தூரத்தில் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, என்ன செய்யுத? எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்."

"வீட்டுக்குப் போம்மா."

"மொட்டையாகாம போக மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து, தொப்பிப் பெண்ணின் அம்மா மறுபடி வந்தாள். பிள்ளை விடவில்லை போல. ஷெரினைப் பார்த்து, நீ இவரோடு வந்தவளா என்று கேட்டாள். ஷெரின் என்னைப் பார்த்தாள். திரும்பித் தோழிகளைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன், உள்ளதைச் சொல்கிறேன்.

இது என் அம்மா என்றாள் ஷெரின். பிறகு ஒரே மூச்சில், இந்த ஊர் இங்கிலீஷில், கோபத்தோடு சொன்னாள். எங்கள் ஊரில் இது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய மரம். பிள்ளையே கை நீட்டிப் பறிக்க வேண்டும், பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஆளுக்கு ஒன்றுதான். சூரியன் மறையும்போது ஏதாவது மிச்சம் இருந்தால் எங்களுக்குக் கேவலம். எங்களுக்கு என்றுதான் சொன்னாள். நான் நன்றாகக் கேட்டேன்.

அந்த அம்மா யோசித்தாள். பிறகு பிள்ளையின் முதுகில் லேசாகத் தட்டினாள். தொப்பிப் பெண்ணுக்குக் காத்தாடி எட்டவில்லை. ஷெரின் அவளைத் தூக்கிப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் பீப்பிக்காரப் பிள்ளை அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தது. பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஷெரினின் தோழிகளும் வந்தார்கள், ஒருத்தி பம்பரத்தைச் சுற்றத் தெரியாமல் மணலில் எறிந்து எறிந்து எடுத்தாள். ஒருவன் இரண்டாவதற்குக் கை நீட்டியபோது ஷெரின் அவன் கையைத் தட்டிவிட்டாள். அவள் முகத்தில் கோபம் குறையவே இல்லை. சீக்கிரம் தீர்ந்தால் அம்மா சீக்கிரம் கிளம்புவாள் என்பதுதான் அவள் கணக்கு. எந்தக் கணக்கில் பறித்தால் என்ன?

கடற்கரை முழுவதும் பீப்பிச் சத்தம் கேட்டது. இங்கே சூரியன் கடலுக்குள் இறங்குகிறது, அது தண்ணீரைத் தொடப் போகிற நேரம் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் துண்டு விரித்த இடத்துக்குப் போய்விட்டார்கள். மரத்தில் மூக்கு உடைந்த ஒரு மண் குருவி மட்டும் மிச்சம் இருந்தது.

"ஒண்ணுதானம்மா. இருந்தா இருக்கட்டும்" என்றாள் ஷெரின்.

"ஒண்ணு இருந்தாலும் மொட்டை இல்லை."

"இங்க பிள்ளைங்க யாரும் இல்லை."

"நீ இருக்கியே."

"நான் சின்னப் பிள்ளை இல்லை."

"மரத்துக்கு அது தெரியாது."

"யாரும் எடுக்கலைன்னா இருட்டுற வரைக்கும் நீ இங்கயே நிப்பே, இல்ல?"

"நிப்பேன்" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு கையை நீட்டினாள். நான் போட்டிருந்த முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கிளையை வளைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குருவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் தோழிகளிடம் ஓடினாள். நான் டின்னைச் சேவியரிடம் விட்டுவிட்டு, மொட்டைக் கிளையைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, குறுக்கு வழி இருந்தும், கடற்கரை முழுவதும் எல்லோரும் பார்க்க நடந்தே காருக்குப் போனேன்.